பயப்படும் வேலை

கோவை கிரைண்டர் கம்பெனி மேனேஜர் தங்கவேலுக்குப் பயம் என்பதே கிடையாது. அவருடைய பயத்தை எல்லாம் சம்பளத்துக்குப் பட்டுக்கொண்டிருந்தவள் பிரதீபா. இருவர் கையிலும், அவர் பயத்தை இவளுக்குக் கடத்தும் ஜோடிப் பட்டைகள். கிரீன்லாந்தில் கிளை திறக்க அவர் கையெழுத்துப் போட்டால், அடுத்த அறையில் இவளுக்குப் பல் தந்தியடிக்கும். சஹாராக் கிளை திறந்த வாரம் முழுக்க இவள் மேஜைக்கடியில்தான் சாப்பிட்டாள்.

அன்று அவள் மகள் படிப்புக்காக நார்வே கிளம்புகிறாள்.

"லீவு குடுங்க சார். உங்க பயத்தோட எம்பயமும் சேந்தா, புள்ளைய ஏர்போர்ட்லயே இழுத்துப் புடிச்சுக்குவனுங்க."

"லீவெதுக்குங்க அம்மிணி? இன்னைக்குப் பட்டைய மாத்திக்கலாம். உங்க பயத்த நான் படறேன். ஒரு புள்ள ப்ளேன் ஏறுறதுல என்னங்க இருக்குது?"

பிரதீபா சிரித்தபடி மகளுக்குக் கையாட்டிவிட்டு ஆபீசுக்குத் திரும்பினாள். தங்கவேலு மேஜைக்கடியிலிருந்து கிரீன்லாந்து கிளைக்காரரிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"சாப்ட்டியா கண்ணு? ஸ்வெட்டர் போட்டிருக்கியா? யாவாரம் கெடக்குது சாமி, கடையப் பூட்டிட்டு ஊருக்கு வந்துரு."

சாயங்காலத்துக்குள் வெளிநாட்டுக் கிளைகள் அத்தனையும் மூடியாயிற்று. பிரதீபாவைப் பார்த்ததும் அவர் அழுதே விட்டார்.

"பாப்பா பத்திரமா ஏறிருச்சுங்களா?"

"அதெல்லாம் பாக்கத் தோணலீங்க சார்," என்ற பிரதீபா, அவருடைய காலி நாற்காலியில் அமர்ந்து, அண்டார்டிகாவில் கிளை திறக்கக் கையெழுத்துப் போட்டாள்.