கீழே கொஞ்சம் இடம்

ஷாஜன் சார் கொத்தனார் சத்தியநேசனுக்குத் தரவேண்டிய மதில் கூலி பாக்கி இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். எட்டு மாதமாகிறது. கேட்கப் போனபோது சார் கம்ப்யூட்டரில் 'உழைப்பாளர் குரல்' என்ற தன் பிளாக்குக்குப் புதுக்கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"எழுத்தறியாத கண்ணுக்கு இது எப்பிடி இருக்கு? சொல்லும் கொத்தனாரே."

உச்சியில் சார் படம். பின்னால் அதே மதில்.

"ஜோராட்டு இருக்கு சார். வாறவங்க எழுத கீழ கொஞ்சம் எடம் விடுங்க."

"கொள்ளாம், நல்ல யோசனதான். கூலிய அடுத்த மாசம் பாப்போம்."

மறுநாள் அந்த இடத்தில் முதல் கருத்து: 'மதில் படம் அழகு. கூலி பாக்கி ரூ. 2350. சத்தியநேசன், கொத்தனார்.' அறிவொளி இயக்க வகுப்பில் ஐம்பது வயதில் எழுத்துப் படித்த விரல், பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் தட்டியது. கீழே இருபது பேர், "கொடுத்தாச்சா சார்?"

மத்தியானம் சாரே பணத்தோடு வந்தார். "கிட்டிச்சுன்னு அதுல எழுதிரும்."

சத்தியநேசன் எண்ணி மடியில் வைத்தார்.

"எழுத்தறியாதவன் எப்பிடி சார் எழுத?"