பூனைக்கு ஓர் அந்தப்புரம்

"பூனைக்கு வீடு கட்டுறாளாம், வீடு!"

சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பொருமினாள். அடுத்த வீடு கொழுந்தனுடையது. அந்த வீட்டுப் பின்வாசல் சிமெண்டுத் தளத்தைச் சுற்றி வெல்டிங்காரர் இரும்புச் சட்டம் நிறுத்திக்கொண்டிருந்தார். கொழுந்தன் மனைவி, அதாவது இவளுடைய ஓரகத்தி, பூனையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூனை அடிக்கடி ரோட்டுக்கு ஓடிடுதாம். ஒரு கார்ல அடிபட இருந்துச்சாம். தம்பி சொன்னான்" என்றார் கணவர், செருப்பைத் தேடியபடி.

"பின்பக்கம் ஒரு கூரை போடுங்கன்னு எத்தனை வருஷமா கேக்கறேன்? காயப்போட்ட துணி மழையில நனையுது. அது உங்க காதுல விழல. அங்க பூனை 'மியாவ்'னு சொல்லி முடிக்கறதுக்குள்ள அந்தப்புரம் ரெடி!"

கணவர் சிரித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பிவிட்டார். அவளுக்கு வயிறு இன்னும் எரிந்தது.

உண்மையில் கூரைகூட அவளுக்குப் பெரிசில்லை. மகள்தான். கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிற பெண். அம்மா கூப்பிட்டால் "ம்" என்பதோடு சரி. ஆனால் மத்தியானம் ஆகிவிட்டால், "சித்தி வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று நழுவிவிடுவாள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வேறு கேட்கும்.

பத்து மாதம் சுமந்தவள் இங்கே. சிரிப்பு மட்டும் அங்கே.

மறுநாள் சட்டத்தில் கம்பி வலை ஏறியது. தொலையட்டும் என்று விட்டாள். அதற்கும் மறுநாள், வலைமேல் சுற்றிலும் மூங்கில் தட்டி கட்டினார்கள். அதிலும் இவள் ஜன்னல் பக்கம் மட்டும் இரண்டு அடுக்கு.

ஜன்னல் வழியாகவே கேட்டுவிட்டாள். "எங்க பக்கம் மட்டும் என்ன ரெட்டைத் தட்டி? எங்க கண்ணு பட்டு உன் பூனை இளைச்சுப் போயிடுமா?"

தட்டிக்கு வெளியே நின்ற ஓரகத்தி திரும்பிப் பார்த்தாள்.

"அதெல்லாம் இல்லக்கா. மேல இடம் விடச் சொல்லியிருக்கேன். உங்க சமையக்கட்டுக்கு வெளிச்சம் குறையாது."

"ரொம்பத் தயவு!" ஜன்னலைப் படாரென்று சாத்தினாள்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். "காத்தே வரலைங்க. உங்க தம்பிகிட்ட சொல்லிப் பிரிக்கச் சொல்லுங்க."

"காத்தெல்லாம் வருது. உனக்கு வேடிக்கைதான் வரல" என்றார் அவர்.

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் தட்டிக்குள்ளிருந்து சிரிப்புக் கேட்டது. மகள்தான். இப்படிச் சத்தம் போட்டு அவள் சிரித்துக் கேட்டு வெகுகாலம் ஆயிற்று. எதற்கு அந்தச் சிரிப்பு என்று எட்டிப் பார்க்கக்கூட வழியில்லை.

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. 'பூனையை அடைக்கிற சாக்குல என் பொண்ணையும் சேர்த்து அடைச்சுக்கிட்டா' என்று நினைத்தாள். பின்வாசல் வழியாக விடுவிடுவென்று போனாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தையைத் தயாராக வைத்துக்கொண்டு வலைக் கதவை இழுத்தாள்.



மகள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். இப்போதெல்லாம் அம்மா எதிரில்கூடக் கழற்றாத ஸ்கார்ஃப் ஓரமாகக் கிடந்தது. புழுவெட்டு வந்து திட்டுத் திட்டாக முடி கொட்டிப்போன தலையில் இளங்காற்று பட்டுக்கொண்டிருந்தது. பூனை அவள் தோளில் ஏறி, முடியில்லாத இடமாகப் பார்த்து நக்கியது. கூச்சம் தாங்காமல் அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அம்மாவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கை அவசரமாக ஸ்கார்ஃபைத் தேடியது.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஓரகத்தி ஓடிவந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. பூனைக்கு வலையே போதும். தட்டி இவளுக்காகப் போட்டது. காத்தாட உக்காரணும், யாரும் பாக்கக் கூடாதுன்னு சொன்னா."

"சரி... எங்க பக்கம் மட்டும் ஏன் ரெண்டு? நான் யாரோவா?" அவள் குரல் உடைந்தது.

ஓரகத்தி மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள்தான் தலையைக் குனிந்தபடி சொன்னாள்.

"என் தலையைப் பாக்கறப்பல்லாம் நீ அழறம்மா. உன்னை அழ வெக்காம கொஞ்ச நேரமாவது இருக்கணும்னு நான்தான் சித்திகிட்ட கேட்டேன்."