ப்ரோப்பை எடுத்த பிறகு

பேனாவின் மூடியைக் கழற்றினாள். எழுதவில்லை.

ஸ்கோப் திரையில் மின்னழுத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு சரிந்து பூஜ்யத்தைத் தொட்டது. சரியாக அப்போது கருவிக்குள் இருந்த மின்னணு ஸ்விட்ச் ஆன் ஆனது. நொடிக்கு லட்சம் முறை. ஒரு முறைகூடப் பிசகவில்லை.

மின்னழுத்தம் முழுக்க இறங்கிய பிறகு ஆன் ஆனால் சூடு இல்லை. அவசரப்பட்டாலும் சூடு, தாமதித்தாலும் சூடு.

"பாத்தியாம்மா, நாப்பத்தொரு டிகிரி. ஐஸ் வச்ச மாதிரி இருக்கு. கையெழுத்தப் போடு."

தணிகாசலம் சார். ஏசியை டிசியாக்கும் இந்தப் பவர் சப்ளையை வடிவமைத்தவர். வீட்டில் படுக்கையில் கிடப்பவர்களின் ஆக்சிஜன் கருவிக்குள் போகப்போவது. அவள் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை உற்பத்தி.

டெஸ்டிங் மேசையில் மூன்று வருடம். அவரிடம் எண்களை மட்டுமே சொல்லியிருக்கிறாள்.

மதியம் எல்லோரும் கேன்டீனுக்குப் போவார்கள். அவள் போவதில்லை. யார் பக்கத்தில் உட்காருவது என்று தெரியாது. மேசையிலேயே டப்பாவைத் திறப்பாள். அப்படி ஒருநாள் ஸ்கோப்பின் ப்ரோப் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, சப்ளையைச் சும்மா ஓடவிட்டாள்.

சூடேறியது.

மறுநாளும் பார்த்தாள். அதற்கு மறுநாளும்.

பார்ப்பதற்காக மாட்டிய ப்ரோப்பே மின்னழுத்தத்தைக் கொஞ்சம் தாமதமாக இறங்க வைக்கிறது. அந்தத் தாமதத்தையும் சேர்த்துத்தான் அவர் ஸ்விட்சின் நேரத்தை அமைத்திருக்கிறார். ப்ரோப் இல்லையென்றால் அது முன்பே இறங்கி, மறுபடி ஏறத் தொடங்கிவிடுகிறது. ஸ்விட்ச் அதற்குப் பிறகு வருகிறது.

"என்னம்மா, பேனா எழுதலையா?"

"சார்... ப்ரோப்ப எடுத்துட்டுப் பாருங்க சார்."

அவர் சிரித்தார். "அத எடுத்துட்டா எதப் பாக்கறது? கரண்ட்டு போன டிவியவா?"

அவள் கை சப்ளைக்குப் போனது. அணைத்தாள். கழற்றினாள். சப்ளையை மட்டும் மறுபடி ஓடவிட்டாள்.

திரையில் கோடு படுத்துவிட்டது. பார்ப்பதற்கு வெப்பமானியின் எண் மட்டும்தான் இருந்தது.

நாற்பத்தாறு.

ஐம்பத்திரண்டு.

அவர் சிரிப்பு நின்றது.

அறுபத்தொன்று.

ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "எப்படிம்மா கண்டுபுடிச்ச?"

சொன்னாள். முதலில் மேசையைப் பார்த்து. நடுவில் அவர் ஒரு கேள்வி கேட்டார். அதற்கும் சொன்னாள். அவர் இன்னொன்று கேட்டார்.

எழுபத்தெட்டு.

தொண்ணூறைத் தொட்டால் அணைத்துவிட வேண்டும்; அவரும் எழுந்துவிடுவார்.

எண்பத்து மூன்று.

இன்று கொஞ்சம் மெதுவாக ஏறினால் என்ன என்றிருந்தது அவளுக்கு.