பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி

பென்டிரைவில் ஆண்டறிக்கையோடு இருந்த இன்னொரு கோப்பின் பெயருக்கு முன்னால் மேலாளர் ஒரு புள்ளி வைத்தார். லேப்டாப் திரையிலிருந்து கோப்பு மாயமானது. இந்த ஆபீஸ் மண்டூகங்களுக்கு ஏழு ஜென்மத்திலும் தெரியாத வித்தை.

டைப்பிஸ்ட் அம்மாவிடம் பென்டிரைவை நீட்டினார்.

“ஆண்டறிக்கை. இதுல இருக்கிறதை அப்படியே பிரிண்ட் எடுத்து முதலாளி மேஜையில வைங்க. யோசிக்கிற வேலையெல்லாம் உங்களுக்கு வேண்டாம்.”

சாயங்காலம் விசாரித்தார். “வெச்சாச்சா?”

“ரெண்டையும் வெச்சாச்சு சார்.”

“ரெண்டா?”

“புள்ளி வெச்சா உங்க லேப்டாப்லதான் சார் மறையும். என் கம்ப்யூட்டர் வேற ரகம், பளிச்சுனு காட்டிடும்.”

மேலாளர் முதலாளி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“போட்டிக் கம்பெனிக்கு வேலை கேட்டு எழுதியிருந்தீங்களே, ‘என் முதலாளி வடிகட்டின முட்டாள்’னு? அதையும் வைக்கலாமான்னு யோசிச்சேன் சார். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, யோசிக்க வேண்டாம்னீங்களே.”