நீங்க போனதும் படுத்துக்குது

“டீச்சர், நீங்களே பாருங்க. ஜம்முனு ஓடுது!”

“நீங்க இருக்கறப்போ ஓடும் தம்பி. நீங்க அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் படுத்துக்கும். நான் என்ன பொய்யா சொல்றேன்?”

கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்குக் கோபம் மூக்கு நுனிவரை வந்து நின்றது. ஒரு வாரத்தில் இது மூன்றாவது தடவை. கணக்கு டீச்சர் வீட்டிலிருந்தே வீடியோ பாடம் தயாரிப்பவர். படம் திக்கித் திக்கி வருகிறது என்று அவர் கடைக்குச் சொல்ல, அவன்தான் வந்து புது கிராபிக்ஸ் கார்டை மாட்டிவிட்டுப் போனான். அன்று பிடித்தது சனி. கால் மணி நேரம் ஓடினால் போதும், கம்ப்யூட்டர் பட்டென்று தானாக அணைந்துவிடுகிறதாம். ஆனால் அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும், இன்ஸ்பெக்டர் வந்த வகுப்பறை மாதிரி அடக்க ஒடுக்கமாக வேலை செய்கிறது.

“மெமரியை மாத்தியாச்சு. பவர் சப்ளையை மாத்தியாச்சு. இனிமே மாத்தணும்னா என்னைத்தான் மாத்தணும் டீச்சர்.”

“அதைத்தான் காலையில உங்க முதலாளிகிட்டயும் சொன்னேன்.”

“அவர்கிட்டயே சொல்லிட்டீங்களா!”

அவன் வாயை மூடுவதற்குள் போன் அலறியது. முதலாளிதான். போன வருஷம்வரை ஜவுளிக்கடை நடத்தியவர். கம்ப்யூட்டர் கடையை வாங்கிப் போட்ட பிறகும் பேச்சில் ஜவுளி வாடை போகவில்லை.

“ஏண்டா, நீ தொட்ட பெட்டி ஒண்ணாவது கிழியாம இருக்கா? இந்த மாசத்துல இது அஞ்சாவது புகார். வாடிக்கையாளர் மனசு குளிரணும்னு நான் இங்க என்னென்னமோ செஞ்சுக்கிட்டிருக்கேன். நீ அங்க போய் என் மூஞ்சியில கரியைப் பூசறே. யார் பண்ண தப்புன்னு எனக்கு இன்னிக்குத் தெரிஞ்சாகணும். சரி பண்ணாம வந்தே, நாளையிலேருந்து கடைப் பக்கம் வராதே!”

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். இந்த நேரத்தில் வேலை போனால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு எதிரே சோபாவில் உட்கார்ந்தான். வாங்கிய நாளில் இருந்த பாலிதீன் இன்னும் அதன் மேல் அப்படியே இருந்தது. அசைந்தாலே கிறீச்சென்றது. டீச்சர் பின்னங்கள் பற்றி ஒரு பாடம் முழுவதையும் பதிவு செய்து முடித்தார். அவனுக்கே மறந்துபோயிருந்த கணக்கெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் மட்டும் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

“சூடு ஏறினாத்தான் இப்படி நிக்கும். ஆனா தொட்டுப் பாத்தா சில்லுன்னு இருக்கே!” என்று தலையில் அடித்துக்கொண்டான்.

“நல்லாப் பாருங்க தம்பி. நாளைக்கு அறுபது பசங்க இந்தப் பாடத்துக்காகக் காத்திருக்காங்க.”

அவனுக்கு ஒரு யோசனை வந்தது. தகட்டைத் திரும்ப மாட்டினான். “சரியாயிடுச்சு டீச்சர். நான் கிளம்பறேன். நீங்க அடுத்த பாடத்தை ஆரம்பிங்க” என்று எழுந்தான்.

சுத்தப் பொய். தெருமுனை டீக்கடைவரைதான் போனான். போனையே முறைத்துக்கொண்டு நின்றான். ஒரு டீ முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. இருபதாவது நிமிஷம் போன் அடித்தது.

“தம்பி, போச்சு! சொன்னேன்ல!”

பாய்ந்து ஓடினான். படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி, மணிகூட அடிக்காமல் உள்ளே நுழைந்தான். நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

மேஜைக்கடியில் இருந்த பெட்டி உடை உடுத்தியிருந்தது. கனமான நீலக் கம்பளித் துணி, உள்ளே பஞ்சு, ஓரத்தில் லேஸ். பட்டன் இருக்கும் இடத்தில் மட்டும் விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை.

“இது... இது என்ன டீச்சர்?”

“உறை தம்பி. நீங்க கார்டு மாட்டின அன்னிக்குச் சாயங்காலம் ஒரு பையன் வந்து குடுத்துட்டுப் போனான். தூசு படக்கூடாதுல்ல? நீங்க வர்றப்போ கழட்டி மடிச்சு பீரோவுல வச்சிடுவேன். உங்க கை அழுக்கு பட்டுட்டா அப்புறம் துவைக்கறது யாரு?”

உறைக்குள் கையை விட்டான். “அம்மாடி!” என்று அலறி வெளியே இழுத்தான். அடுப்பு தோற்றது. காற்று போக வழியில்லாமல் உள்ளே ஃபேன் மூச்சுமுட்டிக் கிடந்தது.

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேலை தப்பித்தது! உடனே முதலாளியைக் கூப்பிட்டான்.

“முதலாளி, கண்டுபிடிச்சுட்டேன்! என் மேல ஒரு தப்பும் இல்ல. எந்த மடையனோ பெட்டிக்குக் கம்பளிச் சட்டை தச்சுக் குடுத்திருக்கான்! உள்ள எல்லாம் வெந்துபோகுது. மூளைன்னு ஒண்ணு இருக்கறவன் செய்வானா, நீங்களே சொல்லுங்க! எவன்னு தெரிஞ்சா நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன்.”

டீச்சர் பதறிப்போய், “ஐயையோ, மெதுவாப் பேசுங்க தம்பி” என்று கையைக் காட்டினார். உறையைக் கழற்றி, அதன் மறுபக்கத்தை அவனுக்குத் திருப்பிக் காட்டினார். தங்க நிற நூலில் அவனுடைய கடையின் பெயர் பளபளத்தது. அதற்குக் கீழே, ‘புதிய பாகம் பொருத்தும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் முதலாளியின் அன்பளிப்பு.’

போனில் முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“நல்ல துணிப்பா அது” என்றார் மெல்ல. “நாளைக்குக் காலையில கொஞ்சம் சீக்கிரமா வந்துடு. மத்த நாலு வீட்டுலயும் போய்க் கழட்டணும்.”