கடைசி வரிசை

மகன் சுஜீதனின் முகத்தில் இனி முழிக்க மாட்டேன் என்று கலியாணத்துக்கே போகாமல் இருந்தவர் ஸ்ரீகாந்தன். இன்று ஸ்பிரிங்வேல் சந்தைக்கு மீன் வாங்கப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, பேஸ்பால் மைதானத்தின் கடைசி வரிசையில், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு ஒளிந்திருந்தார் பிள்ளைகளே!

சுஜீதன் மட்டையோடு வந்தான். வந்த மூன்று பந்தையும் கோட்டைவிட்டுத் திரும்பிப் போனான்.

"தூ! கிரிக்கெட் எண்டாலும் பரவாயில்லை," என்றார் பக்கத்தில் இருந்த கறுப்புக் கண்ணாடிக்காரர், நல்ல யாழ்ப்பாணத் தமிழில். "என்ஜினியர் படிப்பை விட்டிட்டு உலக்கை தூக்கித் திரியுது. இதைப் பெத்த தேப்பன் எப்பிடிப்பட்ட மடையனோ!"

அந்தத் தகப்பன் நான்தான் என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஸ்ரீகாந்தன் பல்லைக் கடித்தார்.

"மகளை இதுக்குக் குடுத்தவன் அதைவிடப் பெரிய மடையன்!" என்று திருப்பிக் கொடுத்தார்.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றி முறைத்தார்.

சுஜீதன் மறுபடியும் வந்தான். இந்தமுறை பந்து அவன் தோளில் பட்டது. சுருண்டு விழுந்தான்.

"ஐயோ, தம்பி!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழும்பிக் கத்தினார்கள்.

அவனோ மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பிவிட்டான். ஆனால் முன்வரிசையில் இருந்த அவன் மனைவி நிரஞ்சினி, கத்தல் கேட்டுத் திரும்பி, படியேறி ஓடிவந்தாள்.

"மாமா!" என்றாள் ஸ்ரீகாந்தனிடம். பிறகு கண்ணாடிக்காரரைப் பார்த்து, "அப்பா! நீங்களுமோ? கலியாணத்துக்கு வராத ஆக்கள், மட்ச் பாக்க மட்டும் சோடியா வந்திருக்கிறியள்!"

மடையர்கள் இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழித்தார்கள்.