லின்விக் வீட்டுப் படிகள்

மூன்றாவது முறையாக மனுவோடு வந்த சக்கர நாற்காலிக் கிழவரைப் பார்த்ததும், மின்னசோட்டா மாநிலச் சிற்றூர் ஒன்றின் பாரம்பரிய வீடுகள் அதிகாரி மார்லிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வாசப்படியை இடிச்சுச் சரிவுப்பாதை போடணும்மா.”

“முடியாது! எழுபது வருஷம் முன்னாடி நார்வேயிலேருந்து வந்த லின்விக் தன் கையால கட்டின வீடு. பித்தளைப் பலகையே வச்சிருக்கோம்!”

“படி ஒண்ணொண்ணும் முழ உயரம். கட்டினவன் மடப்பய!”

“வாயை அடக்குங்க! அவர் ஆத்மா உங்களை மன்னிக்காது.”

கிழவர் மேசையில் ஓங்கி அறைந்தார்.

“மூணு மனு கொடுத்தேனே, ஒண்ணுலயாவது பேரைப் படிச்சியா?”

மார்லிஸ் மனுவைப் புரட்டினாள். கீழே கையெழுத்து: ஹால்வர் லின்விக்.

“அந்த ஆத்மா இன்னும் உடம்பை விட்டுப் போகலடி!”